கல்லோயா இடதுகரையில் நீர்ப் பங்கீடும் நெல் விளைச்சலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1981ஆம் ஆண்டின் சிறுபோகத்துக்கு (வறண்ட பருவ நெற்செய்கைக்கு) சற்று முன்னர், இலங்கையின் கிழக்கிலுள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் கொள்ளளவின் நான்கிலொரு பங்கு நீரே இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், முப்பதளவிலான இளம் பட்டதாரிகள் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களை ஒட்டிய குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று தங்கினர். கமக்காரருடன் (விவசாயிகளுடன்) பழகி, அவர்களுடைய சிக்கல்களைக் கேட்டறிந்து, அவசரமின்றி அவர்களைக் குழுக்களாகத் திரட்டுவதே அந்தப் பட்டதாரிகளுக்கு இடப்பட்ட பணி. முதற்போகம் முழுவதும் அறிமுகத்திலேயே கழியும் என்றுதான் திட்டத்தை வகுத்தவர்கள் எண்ணியிருந்தனர். வறட்சி அதற்கு இடந்தரவில்லை. ஏறத்தாழ 5,000 ஏக்கர் கொண்ட முன்னோடிப் பகுதியில், ஆறு வாரங்களுக்குள் கமக்காரரில் 90 சதவீதமானோர் மூன்று செயல்களில் ஒன்றையேனும் மேற்கொள்ளத் தொடங்கியிருந்தனர்: தூர்ந்து கிடந்த வாய்க்காலைச் சிரமதானத்தால், அதாவது கூலியில்லாத கூட்டு உழைப்பால், துப்புரவாக்கினர், நீரை முறைவைத்துப் பாய்ச்சினர், தமக்கு மிஞ்சிய நீரை அடைத்துக் கீழ்மடைக்கு அனுப்பினர்.

நாட்டிலேயே மிகவும் சீர்கெட்டது, சச்சரவு மிகுந்தது என்று நீர்ப்பாசன உத்தியோகத்தர்களே கைவிட்டிருந்த ஒரு திட்டத்தில் இது நடந்தது. ஏழைக் கமக்காரர் பொதுவளத்தைத் தாமே நிர்வகிப்பதற்கும் அவர்களுடைய உணவுப் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பேசும் ஆய்வுகளில் கல்லோயா ஓயாமல் மேற்கோள் காட்டப்படுவதற்கு இதுவே காரணம். அங்கே என்ன நடந்தது, அது ஏன் சாத்தியமாயிற்று, ஆய்வாளர்கள் கூறிய முடிவுகளில் எவை நிலைக்கின்றன, எவற்றை அவர்கள் பேசாமல் கடந்தனர் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடமும் பின்னணியும்

கிழக்கின் தமிழ் பேசும் மக்கள் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் கல்லோயா ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் திட்டம், சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையின் முதற்பெரும் பல்நோக்குத் திட்டமாகும். அதற்கென 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்க நிறுவனமொன்று கட்டிய அணையின் பின்னால் 7,70,000 ஏக்கர் அடி கொள்ளளவுடைய நீர்த்தேக்கம் உருவானது (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி). முதற்பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் வந்த குடியேற்றவாசி ஒவ்வொருவருக்கும் 4 ஏக்கர் வயற்காணியும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கிடைத்தன. பின்னர் வந்தவர்களுக்கு அந்த அளவு குறைக்கப்பட்டது.

திட்டத்தின் மூன்று பிரிவுகளுள் இடதுகரையே பெரியது. அதன் பிரதான வாய்க்கால் உகணை வழியே வடக்கு நோக்கிச் சென்று, கிளை வாய்க்கால்களாகவும் விநியோக வாய்க்கால்களாகவும் வயல் வாய்க்கால்களாகவும் பிரிந்து, ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் நிலத்துக்கு நீர் தரவேண்டும். தலைமடையிலும் நடுமடையிலும் பெரும்பான்மையாகச் சிங்களக் குடியேற்றவாசிகளும், மண்டூர்ப் பக்கமாக உள்ள கடைமடையில் தமிழ் பேசும் கமக்காரரும் இருந்தனர்.

இந்த அமைப்பு இயல்பாக உருவானதன்று. அணை எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் கரையோரத்திலும் முஸ்லிம்களும் தமிழரும் வட்டை வட்டையாக (வயல்வெளி வயல்வெளியாக) வேளாண்மை செய்து வந்தனர். மேட்டுநிலக் காடுகளை அழித்து அரசாங்கம் உருவாக்கிய குடியேற்றங்களில், தீவின் பிற மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்களே மிகுதியாக அமர்த்தப்பட்டன. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூண்ட வன்முறையில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. கல்லோயா பற்றிய நீர் முகாமைத்துவ ஆய்வுகளில் இந்த வரலாறு பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் தலைமடைக்காரர் நீரை அடைத்துக் கடைமடைக்கு விட்டார்கள் என்ற செய்தியின் கனத்தை, யார் தலைமடையில் இருந்தார், யார் கடைமடையில் இருந்தார், அவர்கள் அவ்வாறு அமைந்தது எப்படி என்பதை அறியாமல் எவரும் அளவிட இயலாது.

பழுது எங்கே இருந்தது

1970களின் இறுதியில் இடதுகரையின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. விநியோக வாய்க்கால்களின் மதகுக் கதவுகளில் பெரும்பாலானவை உடைந்தோ, கழற்றி எடுத்துச் செல்லப்பட்டோ இருந்தன. வாய்க்கால்களில் மண் நிரம்பியிருந்தது. பதிவேட்டில் உள்ளதைவிடக் கூடுதலான நிலம், அத்துமீறிய பயிர்ச்செய்கையால், அதே நீரை நம்பியிருந்தது. சிறுபோகத்தில் கடைமடையின் பெரும்பகுதிக்கு நீர் எட்டுவதேயில்லை.

இதற்கு உத்தியோகத்தர்கள் கூறிய காரணம் எளிது: கமக்காரர் நீரை விரயம் செய்கிறார்கள், கட்டுப்பாடற்றவர்கள், வாய்க்காலை உடைக்கிறார்கள். 1979இல் அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகவரகத்தின் நிதியுதவியோடு இடதுகரையைப் புனரமைக்கும் திட்டம் தொடங்கியபோதும், பணத்தின் பெரும்பகுதி மண்வேலைக்கும் கொங்கிறீற்றுக்குமே ஒதுக்கப்பட்டது. கமக்காரர் அமைப்புகளை உருவாக்கும் சிறுபகுதி மட்டும் கொழும்பிலுள்ள கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்திடமும் (இன்று அது ஹெக்டர் கொப்பேகடுவ பெயரால் அறியப்படுகிறது), அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. கோர்னெலின் சார்பில் அரசறிவியலாளர் நோர்மன் அப்ஹொஃப் இதில் ஈடுபட்டார். இலங்கைத் தரப்பில் முக்கிய பங்கேற்ற சி. எம். விஜயரத்ன, பின்னர் இத்திட்டத்தின் நீர்ப் பயன்பாட்டை அளவிட்டு ஆய்வு செய்தவர். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அப்ஹொஃப் வேறொரு வழியில் அறிமுகமானவர். மடகாஸ்கரில் இயேசு சபைப் பாதிரியார் ஹென்றி டி லௌலானி வகுத்த ஒற்றை நாற்று நடவு முறையை உலகெங்கும் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் அவரே.)

களத்தில் தங்கியவர்கள் கண்டது வேறொரு சித்திரம். எப்போது நீர் வரும், எத்தனை நாள் நிற்கும், அடுத்த முறை வருமா என்பது கமக்காரருக்குத் தெரியவில்லை. அறிவிக்கப்பட்ட தேதியில் நீர் வராதபோது, வந்த நேரத்தில் வயலை வரம்பு ததும்ப நிரப்பி வைப்பதே அறிவுடைமை. பயிர் இருபது நாள் நீரின்றிக் காய்ந்தால் கடன் வாங்கிப் போட்ட விதையும் உரமும் போய்விடும். வரம்புக்கு மேலே ததும்பும் நீர், பொறியியலாளரின் ஏட்டில் விரயம். கமக்காரரின் ஏட்டிலோ அது பயிர்க் காப்புறுதி. இதை ஒப்புக்கொண்டால், கமக்காரருக்குப் புத்திமதி சொல்வதால் ஆகப்போவது எதுவுமில்லை என்பதும் தெளிவாகிவிடும். மாற்றவேண்டியது அவருடைய பழக்கத்தையன்று, அவருக்குக் கிடைக்கும் தகவலின் நம்பகத்தை. கல்லோயா ஆய்வு நமக்கு விட்டுச்சென்றவற்றுள் இதுவே மிகப் பெறுமதியானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆய்வாளர்கள் அதைச் சமூக மூலதனம் (மக்களிடையேயான நம்பிக்கையும் பொது விதிகளும்) என்ற பெருஞ்சொல்லின் கீழே புதைத்துவிட்டார்கள்.

நிர்வாக வெற்றிடமும் இருந்தது. பழைய முறையில் வட்டவிதானை ஒருவர் ஊர் வயல்களுக்கு நீர் திறந்து மூடி, வாய்க்கால் வேலைக்கு ஆள் சேர்த்து, விளைச்சலில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று வந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. குத்தகைக் கமக்காரரைக் காக்கவந்த அந்தச் சட்டத்தின் நோக்கம் நியாயமானதே. ஆயினும் நீரைத் திறந்து மூடும் கை எது என்ற கேள்விக்கு அதன்பின் உறுதியான விடை இல்லாமற்போயிற்று. 1970களில் அரசியல் நியமனம் பெற்றவர்களிடம் அந்தப் பொறுப்புப் போனபோது, கட்சி மாறினால் வாய்க்காலின் ஒழுங்கும் மாறியது.

அமைப்பாளர்களின் வேலை

பிலிப்பைன்ஸின் தேசிய நீர்ப்பாசன நிர்வாகம் தன் திட்டங்களில் சமூக அமைப்பாளர்களை நியமித்துப் பெற்றிருந்த அனுபவம் இங்கே வழிகாட்டியது. ஆனால் எழுத்தில் வகுத்த சங்க விதிமுறை ஒன்றோடு, அமைப்பாளர்களாக வந்த அந்தப் பட்டதாரிகள் ஊருக்குள் போகவில்லை. முதலில் வேலை, பின்னரே அமைப்பு என்பது அவர்களின் நடைமுறை விதி. வயல் வாய்க்கால் ஒன்றின் கீழ் வரும் பத்து முதல் இருபது கமக்காரர் ஒன்றுகூடித் தம் வாய்க்காலில் உடனே தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலைத் தேர்ந்து அதைச் செய்து முடிப்பர். செய்து முடித்தபின்னரே, தம்முள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பர். வாக்கெடுப்பு இல்லை, எல்லோரும் ஒப்பும்வரை பேசித் தீர்மானிப்பதே முறை. பிரதிநிதிக்குச் சம்பளமும் இல்லை. ஆகவே பதவிக்காக வருவோரும் கட்சிக்காரரும் இந்தப் பொறுப்பில் ஆர்வம் காட்டவில்லை. இது திட்டமிட்டே செய்யப்பட்டது.

வயல் வாய்க்கால் குழுக்களின் பிரதிநிதிகள் விநியோக வாய்க்கால் மட்டத்தில் ஓர் அமைப்பாகக் கூடினர். அவர்களுக்கு மேலே பிரதேச மட்டத்திலும், இறுதியாக இடதுகரை முழுவதற்குமாக உத்தியோகத்தர்களோடு சமமாக அமர்ந்து பேசும் குழுவிலும் கமக்காரருக்கு இடம் கிடைத்தது. போக ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் தேதியை உத்தியோகத்தர் வாசிக்கக் கமக்காரர் கேட்டுக்கொண்டிருந்த நிலை மாறியது. புனரமைப்பு வேலை தொடங்குவதற்கு முன், பொறியியலாளர்கள் கமக்காரரோடு வாய்க்கால் நெடுகிலும் நடந்து, எந்த மடையை எங்கே வைப்பது என்று பேசினர். பல ஆண்டுகளாக எந்த இடத்தில் கரை உடைகிறது, எந்த மேட்டுக்கு நீர் ஏறாது என்பது வரைபடத்தில் இல்லை, அந்த வயற்காரருக்கே தெரியும். தொடக்கத்தில் ஐயத்தோடு வந்த பொறியியலாளர் சிலர் இந்த நடைகளுக்குப் பின்னர் திட்டத்தின் ஆதரவாளர்களாயினர்.

ஒரு வயல் வாய்க்காலின் கணக்கு

முறைவைத்துப் பாய்ச்சுவதால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை எண்களோடு பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, தலா 3 ஏக்கர் வயலுடைய 15 கமக்காரருக்கு ஒரு வயல் வாய்க்கால் நீர் தருகிறது எனக் கொள்வோம். விநியோக வாய்க்காலிலிருந்து வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஐந்து நாள் நீர் விடப்படுகிறது.

பதினைந்து வக்கடைகளும் (வயலுக்கு நீர் விடும் வரம்புத் திறப்புகளும்) ஒரே நேரத்தில் திறந்திருந்தால், மேலே உள்ள நான்கைந்து பேர் வயலில் நீர் நிரம்பி வழிந்து வடிகாலுக்குப் போகும். நடுவில் உள்ளவர்களுக்கு மெல்லிய ஒழுக்கு வரும். அதில் பாதியை வாய்க்காலின் மண்ணே குடித்துவிடும். கடைசி மூவர் இரவில் மண்வெட்டியோடு மேலே போய், பிறர் வக்கடையை அடைத்துவிட்டு, விடியும் முன் மீண்டும் அது திறக்கப்பட்டிருப்பதைக் காண்பர். வெட்டுக்குத்தில் முடிந்த வழக்குகளின் தொடக்கம் பெரும்பாலும் இதுதான்.

அதே நீரை முழுவதுமாக ஒருவருக்கு எட்டு மணி நேரம், பின்னர் அடுத்தவருக்கு எட்டு மணி நேரம் என்று விட்டால், பதினைந்து பேருக்கும் 120 மணி நேரத்தில், அதாவது சரியாக ஐந்து நாளில், முறை வந்துவிடும். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் எட்டு மணி நேரத்தில் ஓடும் நீர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஏக்கர் அடி. அது 3 ஏக்கரில் பரவினால் இரண்டரை அங்குல உயரம் நிற்கும். பயிருக்கு அது போதும். நீர் விசையோடு வருவதால் வாய்க்காலில் இழப்பும் குறையும். பல குழுக்கள் இந்த முறையைக் கடைமடையிலிருந்து தொடங்கின. கடைசி வயலுக்கு முதலில் நீர் போய்ச் சேரவேண்டுமானால் வாய்க்கால் முழுவதும் துப்புரவாக இருந்தாகவேண்டும். ஆகவே தலைமடைக்காரரும் தம் பங்கு வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது. சட்டமோ தண்டமோ இல்லாமல் வேலைப் பகிர்வை உறுதி செய்யும் இந்த ஏற்பாட்டைக் கமக்காரரே கண்டுபிடித்தனர். எந்தத் திட்ட ஆவணமும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரவில் முறை வருபவர் தூங்கிவிட்டால், அல்லது வாய்க்கால் நீர் எட்டு மணி நேரத்தின் நடுவில் குறைந்துவிட்டால் என்ன செய்வது போன்ற சிறு கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொரு குழுவும் தனித்தனி விதி வைத்துக்கொண்டது. ஒரே மாதிரியான விதிப்புத்தகத்தை மேலிருந்து கொடுக்காதது நல்லதாயிற்று.

விளைவுகளும் 1997ஆம் ஆண்டும்

சில ஆண்டுகளுக்குள் இடதுகரையின் நீர்ப் பயன்பாட்டுத் திறன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்று கோர்னெல் ஆய்வாளர்களும் விஜயரத்னவும் கணித்தனர். ஓர் ஏக்கருக்கு விடப்பட்ட நீரின் அளவு குறைந்தது, அதே வேளையில் சிறுபோகத்தில் பயிரான பரப்பு கூடியது. மதகை உடைப்பது பற்றிய முறைப்பாடுகள் அருகின. கல்லோயா அனுபவம் நாட்டின் கொள்கையிலும் எதிரொலித்தது. பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களைக் கமக்காரரோடு சேர்ந்து நிர்வகிப்பதை 1988இல் இலங்கை அமைச்சரவை கொள்கையாக ஏற்றது.

இதற்கிடையே 1983 ஜூலை வன்செயலும் உள்நாட்டுப் போரும் வந்தன. அம்பாறையும் மட்டக்களப்பும் போரின் நடுவில் சிக்கின. கடைமடைக்கு நீர் விடுவதென்றால் அது தமிழர் வயலுக்கு விடுவது என்று எல்லோரும் அறிந்திருந்த காலத்தில், மேல்மடைச் சிங்களக் கமக்காரர் கீழ்மடைத் தமிழ் பேசும் கமக்காரரோடு நீரைச் சமமாகப் பகிர்ந்தனர் என்பது பதிவாகியுள்ளது. இதை இன நல்லிணக்கத்தின் அற்புதமாக விவரிப்பவர்கள் உண்டு. நான் அதைக் குறைவாகவே மதிப்பிட விரும்புகிறேன், அதனாலேயே அது கூடுதல் நம்பத்தக்கதாகிறது. ஒவ்வொரு மடையிலும் வெளிப்படையாக எழுதப்பட்ட முறை இருந்தது. ஒருவர் அதை மீறினால் அடுத்த வாரம் தன் முறையும் மீறப்படும் என்று அவருக்குத் தெரியும். அரசியல் தீர்க்காததை வாய்க்கால் தீர்த்துவிடவில்லை. ஆனால் வாய்க்காலில் மட்டுமாவது அரசியல் நுழையவில்லை.

ஆய்வுலகின் கவனத்தைக் கவர்ந்த மற்றொரு நிகழ்வு 1997ஆம் ஆண்டின் சிறுபோகம். வெளியார் திட்டம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமைப்பாளர்கள் எவரும் களத்தில் இல்லை. நெற்பயிருக்குப் போதிய நீர் தேக்கத்தில் இல்லை என்று கமக்காரருக்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் அதை ஏற்கவில்லை. இருக்கும் நீரைத் தாமே பொறுப்பேற்றுப் பகிர்ந்துகொள்வதாக உறுதியளித்து, ஏறத்தாழ 65,000 ஏக்கரில் நெல் விதைத்தனர். அறுவடை வழக்கமான சராசரியைவிட மேலாக இருந்தது என்று அப்ஹொஃப், விஜயரத்ன ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். விதிகள், பொறுப்புகள், முன்னுதாரணங்கள் ஆகிய கட்டமைப்புக் கூறுகளும், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கை, நியாய உணர்வு ஆகிய மனப்பாங்குக் கூறுகளும் சேர்ந்ததே சமூக மூலதனம் என்றும், அதன் பயனை நெல்மூட்டையில் அளக்கலாம் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

வாதத்தின் வலிமையும் வலுவின்மையும்

1997ஆம் ஆண்டின் கணக்கை அப்படியே ஏற்கச் சிலருக்குத் தயக்கம் இருக்கும், அது நியாயமானதும்கூட. தேக்கத்திலிருந்து விட்ட நீரை மட்டும் விளைச்சலோடு ஒப்பிட்டால் போதாது. இடையில் பெய்த மழை, மேல்வயலிலிருந்து வடிந்து கீழ்வயலுக்குப் பயன்பட்ட நீர், நிலத்தடி ஈரம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவேண்டும். நெல் வயல்களில் விரயம் என்று கருதப்படும் நீரில் கணிசமான பகுதி கீழேயுள்ள மற்றொரு வயலின் வருவாய். அதுபோலவே, நிதியுதவித் திட்டத்தில் கட்டுமானமும் அமைப்புவேலையும் ஒருசேர நடந்ததால், பயனில் எது எதனால் வந்தது என்பது முற்றாகத் தெளிவாவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் இந்த ஐயத்துக்கு அப்பாற்பட்டது: 1981ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் முன்னோடிப் பகுதியின் வாய்க்கால்கள் இன்னும் புனரமைக்கப்படவில்லை. உடைந்த மதகுகளோடுதான் முறைப்பாய்ச்சல் நடந்தது.

பொதுவளங்களின் கூட்டு நிர்வாகம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்ற எலினர் ஒஸ்ட்ரோம், 1990இல் உலகின் பல நிகழ்வுகளை ஒப்பிட்டபோது, இலங்கையின் கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தைத் தோல்வியென்றும், கல்லோயாவை நிலைபேறு இன்னும் உறுதியாகாத ஒன்றென்றும் வகைப்படுத்தினார். அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இருந்தது. அமைப்பாளர்கள் எல்லோரும் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். நிரந்தர அரசாங்க உத்தியோகம், குறிப்பாக ஆசிரியர் நியமனம் கிடைத்தவுடன் அவர்கள் போய்விட்டனர். திட்டக் காலத்துக்குள்ளேயே ஏறக்குறைய முழு அணியும் மாறிப்போனது. அதைத் தாண்டியும் குழுக்கள் நின்றன என்றால், பெருமை கமக்காரப் பிரதிநிதிகளுக்கு உரியது. பட்டதாரியை நிரந்தர வேலையின்றியும் எதிர்காலமின்றியும் வைத்துக்கொண்டு கிராமத்தில் நம்பிக்கையை வளர்க்கச் சொன்ன நிர்வாகத்துக்கு அதில் பங்கில்லை.

கல்லோயா முறையை வேறிடங்களில் நடும்போது மறக்கப்படும் ஒரு சாதகம் இங்கே இருந்தது. ஏறத்தாழ ஒரே அளவான காணியோடு எல்லோரும் தொடங்கினர். தலைமடைக்காரர் பணக்காரர், கடைமடைக்காரர் ஏழை என்ற பாகுபாடு நிலத்தின் அளவில் பெரிதாக இல்லை. ஊரின் பெருநிலக்காரரே மதகை வைத்திருக்கும் இடத்தில், எல்லோரும் ஒப்பும்வரை பேசுவது என்பது அவர் ஒப்பும்வரை பேசுவதாகவே முடியும். இன்னொரு வேறுபாடு வேகம். ஆந்திரப் பிரதேசம் 1997இல் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தி, ஒரே வீச்சில் 10,000க்கும் மேற்பட்ட நீர்ப்பயனாளர் சங்கங்களை அமைத்தது. தமிழ்நாடும் 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை உழவர் நிர்வகிப்பதற்கான சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தால் சங்கம் பிறக்கும். ஆனால் கல்லோயாவில் வேலை முதலிலும் சங்கம் இரண்டாவதாகவும் வந்தன. தேர்தல் முதலில் வந்த இடங்களில், ஒப்பந்த வேலைகளில் கண்வைத்தவர்கள் தலைவர்களானார்கள் என்ற குறை பரவலாகக் கேட்கப்படுகிறது.

நீர் வந்தபின்னும் எஞ்சுவது

நெல் கூடுதலாக விளைந்தால் குடும்பம் கூடுதலாக உண்ணும் என்று எண்ணுவது இயல்பு. நீர் ஆய்வுகள் பெரும்பாலும் அந்த எண்ணத்தோடே நின்றுவிடுகின்றன. நடப்பில், கடனுக்கு உரமும் மருந்தும் வாங்கிய கமக்காரர், வேளாண்மை வெட்டியவுடன், விலை மிகத் தாழ்ந்திருக்கும் வாரங்களிலேயே நெல்லைக் கொடுத்துக் கடனை அடைக்கிறார். பின்னர் அதே அரிசியைக் கூடுதல் விலைக்குக் கடையில் வாங்குகிறார். களஞ்சியம், கடன், கொள்முதல் ஆகிய மூன்றும் வாய்க்கால் குழுவின் கைக்கு எட்டாதவை. கல்லோயாவில் சில குழுக்கள் கூட்டாக உரம் வாங்குதல் போன்றவற்றில் இறங்கின என்றாலும், நீரில் கிடைத்த வெற்றி சந்தையில் கிடைக்கவில்லை.

2021ஆம் ஆண்டு இதை இன்னும் கடுமையாகக் காட்டியது. அந்த ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக (மழைக்கால நெற்செய்கை) விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. 2021/22 பெரும்போக விளைச்சல் நாடெங்கும் கடுமையாகச் சரிந்தது. 2022இல் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து நடத்திய மதிப்பீட்டில், இலங்கையில் 63 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்மைக்கு ஆளாகியிருந்தனர். நெல் விளையும் மாவட்டங்களின் கமக்காரக் குடும்பங்களும் இதிலிருந்து தப்பவில்லை. தேக்கத்தில் நீர் இருந்தது, முறை இருந்தது, யூரியா இல்லை.

காணிச் சட்டத்தின் தாக்கம் இதைவிட ஆழமானது, இதைவிடக் குறைவாகவே பேசப்பட்டதும்கூட. குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றைத் துண்டாடவோ தடையின்றி விற்கவோ சட்டம் இடமளிக்கவில்லை. பத்திரத்தில் ஒரு பெயரே இருக்கும், வாரிசாக வருபவரும் ஒருவரே. இரண்டாம் தலைமுறையில் மூன்று நான்கு பிள்ளைகள் அதே வயலை வாய்ப்பேச்சில் பிரித்தோ, போகத்துக்குப் போகம் மாற்றியோ செய்கின்றனர். வசதியற்றவர்கள் ஈடு வைத்தோ, பதிவில்லாத குத்தகைக்குக் கொடுத்தோ, தம் சொந்த வயலிலேயே கூலிக்கு நிற்கின்றனர். நீர்க்குழுவின் ஏட்டில் உள்ள பெயரும் வயலில் மண்வெட்டியோடு நிற்பவரும் வேறாகும்போது, சிரமதானத்துக்கு யார் வரவேண்டும், கூட்டத்தில் யார் பேசலாம் என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஒரு போகம் மட்டும் குத்தகைக்கு எடுத்தவருக்கு, பத்தாண்டு கழித்துப் பயன்தரும் கரைக்கட்டில் என்ன அக்கறை இருக்கும்?

பெண்களின் நிலை இதில் மேலும் பின்தங்கியது. வாரிசு நிர்ணயிக்கப்படாதபோது ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற விதி அந்தக் கட்டளைச் சட்டத்தில் நெடுங்காலம் நீடித்தது. களை பிடுங்குவதிலும் நெல் காயவைப்பதிலும் பெண்களின் உழைப்பு எவ்வளவு இருந்தாலும், பத்திரத்தில் பெயர் இல்லாதவர் குழுவில் முழு உறுப்பினராவது அரிது. போரில் கணவரை இழந்து தாமே வேளாண்மை செய்த பெண்கள், நீர் முறைக்காகக்கூட ஓர் ஆண் உறவினரை முன்னிறுத்த வேண்டியிருந்தது. ஆணுக்கு முன்னுரிமை தரும் விதிகளை நீக்கும் திருத்தம் 2022இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே வழங்கப்பட்ட பத்திரங்களில் பெயர் மாறுவதற்குப் பிரதேச செயலகத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விண்ணப்பித்தாக வேண்டும். வாய்க்கால் குழுக்களின் உறுப்பினர் ஏடுகள் அந்தப் பத்திரங்களைப் பின்தொடர்ந்தே மாறும்.